சாய்தளமும் புல்லட்டும்

திருத்தணிகை மலைமேல் முருகப் பெருமானைக் காண 365 படிகள் ஏறவேண்டும். ஆண்டின் நாளொன்றுக்கு ஒரு படி என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். அந்தப் படிகளில் எங்கள் குடும்பத்தார் எவரும் இதுவரை வழுக்கி விழுந்ததில்லை. விழுந்தது அம்மையார்குப்பத்தில், எங்கள் சொந்த வீட்டு வாசலில், ஆறடி நீளமே உள்ள ஒரு சிமென்ட் சரிவில். விழுந்தவர் என் தந்தையார். அவர்மேல் விழுந்தது 195 கிலோ எடையுள்ள ஒரு புல்லட்.

பாடநூலில் 'சாய்தளம்' என்று நாம் படிப்பதைக் கொத்தனார் 'ராம்ப்' என்கிறார். பெயர் எதுவானாலும் அதன் மேல் கனமான மோட்டார் சைக்கிளை ஏற்றுவதும் இறக்குவதும் இன்று நம் ஊர்களில் நாள்தோறும் நடக்கும் காரியம். ஆயினும் ஓட்டுநர் உரிமம் பெறும்போது நம்மை எட்டுப் போடச் சொல்கிறார்களே தவிர, வாசல் சரிவில் வண்டியைப் பின்பக்கமாக இறக்கிக் காட்டு என்று எவரும் கேட்பதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை இயற்பியல் மூன்றாமாண்டு மாணவன் என்ற முறையில் ஓரளவு கணக்கோடு எழுத முற்படுகிறேன். கணக்கு வேண்டாதவர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் படிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், வாசலில் சரிவு ஏன் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். எங்களுடையது நெசவாளர் ஊர். பாட்டனார் காலத்தில் வீட்டுக்குள் குழித்தறி இருந்தது. தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு மிதித்து நெய்யும் தறி. மழைநீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான். ஆகவே வீட்டை உயர்த்திக் கட்டினார்கள். பிறகு விசைத்தறி வந்தது. அதன் மோட்டார் தரையை ஒட்டி இருப்பதால் தண்ணீரின்மேல் உள்ள அச்சம் குறையவில்லை. இதற்கிடையே தெருவும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் சாலை போடும்போதெல்லாம் பழைய தளத்தின் மேலேயே புதுத் தளத்தைப் போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்தில் இறங்கிப்போன கதையை எல்லா ஊர்களிலும் கேட்கலாம். 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போடவேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதியதே இந்தக் காரணத்தால்தான். தெரு நாளை உயரும் என்ற முன்யோசனையில் வீடு கட்டுபவர்கள் இன்றே இரண்டடி, மூன்றடி உயர்த்திவிடுகிறார்கள். எங்கள் வீடும் அப்படியே. தெருவுக்கும் வாசலுக்கும் இடையே உயரம் இரண்டடி. நடுவே திறந்த சாக்கடை. அதன்மேல் கல் பாவி, கல்லிலிருந்து வாசற்படி வரை ஆறடி நீளத்துக்குச் சிமென்ட் சரிவு. அகலம் மூன்றடிதான். இரு பக்கமும் கைப்பிடியோ கட்டையோ இல்லை. மிதிவண்டிக்கு அது போதும். அப்பாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிக்கும் அது போதுமானதாகவே இருந்தது. பாவு சுற்றிய பீமைக் கட்டிக்கொண்டு அதே சரிவில் அவர் எத்தனையோ நாள் ஏறி இறங்கியிருக்கிறார்.

புல்லட் வந்தது என் தாய்மாமனால். அவர் இராணுவத்தில் இருக்கிறார். லடாக் வரை வண்டியிலேயே போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2023ஆம் ஆண்டு இறுதியில் புது புல்லட் 350 வாங்கினார். வாங்கிய மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டார். வண்டி எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. "வாரத்துக்கு ஒரு தரமாவது வெளியே எடுத்து ஓட்டுங்க மாமா, பேட்டரி எறங்கிடும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

புல்லட்டைப் பற்றி இங்கு ஒரு சிறு வரலாறு சொல்வது பொருந்தும், ஏனெனில் அதுவும் நம் பக்கத்து வண்டிதான். 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இராணுவத்துக்காகப் புல்லட் தேவைப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். பின்னர் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாயின. பிறந்த நாட்டில் அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் புல்லட் சென்னையில் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. இன்றைய வண்டியில் மற்ற வண்டிகளைப் போல மாறி அமைந்துள்ளன. கால்கள் இடம் மாறிய இந்தச் செய்தி, பின்னால் வரப்போகும் விபத்தோடு தொடர்புடையது என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆடி மாதக் காலை. அம்மா வாசல் தெளித்து, சரிவின் அடியில் கோலம் போட்டு முடித்திருந்தார்கள். அப்பா வண்டியை வெளியே எடுக்கப் போனார். முந்தைய வாரம் இயந்திர பலத்தில் முன்பக்கமாக ஏற்றி உள்ளே நிறுத்தியிருந்ததால் வண்டியின் முகம் வீட்டைப் பார்த்திருந்தது. உள்ளே திருப்ப இடமில்லை. ஆகவே மேலே ஏறி உட்கார்ந்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி, கால்களால் தரையை உந்திப் பின்பக்கமாக இறங்கினார். பாதிச் சரிவில் வண்டி தானாக ஓட ஆரம்பித்தது. பிரேக்கை இறுக்கினார், நிற்கவில்லை. வலக்காலை ஊன்றப் போனார். அங்கே சரிவு முடிந்து சாக்கடைப் பள்ளம் இருந்தது. நான் பல் துலக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்ப் பிடிக்க நேரம் இருக்கவில்லை.

கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்றார் மருத்துவர். நாங்கள் கூலிக்கு நெய்பவர்கள். தறி ஓடினால்தான் வருமானம். அம்மா இரண்டு தறியைப் பார்த்துக்கொள்ள, மற்ற இரண்டை நான் கல்லூரி போகாத நாட்களில் ஓட்டினேன். அந்தப் பருவத்தில் என் வருகைப் பதிவு ஏன் குறைந்தது என்று கேட்ட ஆசிரியர்களுக்கு இதுவே விடை.

கட்டிலில் கிடந்த அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "பிரேக் பிடிக்கலடா." வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினேன். பிரேக்கில் குறை ஒன்றுமில்லை என்றார். "அவ்வளவு வெயிட்டு, பெரியவரால தாங்க முடியல" என்பது அவர் தீர்ப்பு. ஊராரின் தீர்ப்பும் அதுவே. நானும் அதை நம்பினேன். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "முதலில் வழுக்கியது எந்தச் சக்கரம்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வண்டியின் முன் சக்கரம் இருந்த இடத்தில், சரிவின் மேல் ஒரு முழ நீளத்துக்கு டயரின் கருப்புக் கோடு ஒன்று மங்கலாகப் பதிந்திருந்தது. அப்படியானால் பிரேக் பிடித்திருக்கிறது. சக்கரம் சுழலாமல் நின்றும் இருக்கிறது. நின்ற சக்கரமே தரையில் வழுக்கிப் போயிருக்கிறது. ஏன்?

இதற்கு விடை காண, எடையிலிருந்தே தொடங்குவோம். சரிவின் நீளம் ஆறடி, உயரம் இரண்டடி. அதாவது மூன்றுக்கு ஒன்று. சாய்தளத்தில் நிற்கும் பொருளின் எடையில், உயரத்தை நீளத்தால் வகுத்து வரும் பங்கு, அதைச் சரிவின் வழியே கீழே இழுக்கிறது. 195 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு 65 கிலோ. நூல் கட்டு நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு முனையை வாசல் தூணில் கட்டி, மறு முனையை வண்டியின் முன் கவையில் மாட்டி, கியர் போடாமல், நானும் நண்பன் ஒருவனும் இருபுறமும் விழாமல் தாங்கிக்கொண்டோம். முள் 62க்கும் 67க்கும் இடையே ஆடி நின்றது. அந்த ஆட்டம் சக்கரங்களின் உராய்வால் வருவது. வகுப்பில் மரக்கட்டையும் கப்பியும் கொண்டு செய்த சோதனை எனக்கு அன்றுதான் உண்மையாகப் புரிந்தது என்று சொன்னால் எங்கள் ஆய்வகத்தார் வருந்தக்கூடாது.

65 கிலோ என்பது ஒரு ஆளின் எடை. அதைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பை அப்பா முன் சக்கரத்திடம் மட்டும் ஒப்படைத்திருந்தார். ஒரு சக்கரம் எவ்வளவு தடுக்க முடியும் என்பது பிரேக்கைப் பொறுத்ததன்று. அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு சுமை அமர்ந்திருக்கிறது, டயருக்கும் தரைக்கும் எவ்வளவு உராய்வு இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. சமதரையில் வண்டியின் எடை இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்காகிறது. முகம் மேலே பார்த்தபடி சரிவில் நிற்கும்போது சுமை பின்பக்கம் சாய்ந்துவிடுகிறது. புல்லட்டின் இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் 139 சென்டிமீட்டர். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகத் தோராயமாக வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். எங்கள் சரிவில் முன் சக்கரத்தின் மேல் அமர்வது சுமார் 64 கிலோ, பின் சக்கரத்தின் மேல் சுமார் 120 கிலோ என்று வந்தது. முன் சக்கரம் தடுக்கவேண்டியதோ 65 கிலோ. தன்மேல் உள்ள சுமை முழுவதுக்கும் சமமான தடையை அது தரவேண்டும். உராய்வுக் கெழு ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும். உலர்ந்த சிமென்டில்கூட அவ்வளவு கிடைக்கும் என்று நம்ப முடியாது. அன்று தரையில் தெளித்த நீர் இருந்தது. அப்பாவோ மேலே உட்கார்ந்திருந்தார். அவர் எடை பெரும்பாலும் பின் சக்கரத்துக்கே போவதால் முன் சக்கரத்தின் நிலை இன்னும் மோசம்.

ஆக, பிரேக்கும் குற்றமற்றது, அப்பாவின் பலமும் குற்றமற்றது. சுமை எங்கே இருந்ததோ அந்தச் சக்கரத்தைப் பிடிக்க ஆளில்லை என்பதே விபத்தின் காரணம். பின் சக்கரத்தைப் பிடித்திருந்தால் 120 கிலோ சுமையில் 65 கிலோவைத் தடுக்க, பாதியளவுக்குச் சற்றே மேற்பட்ட உராய்வு போதும். பின் பிரேக் வலக்காலில் இருக்கிறது. வலக்காலோ தரையை உந்திக்கொண்டிருக்கிறது. ஒரு காலால் இரண்டு வேலை செய்ய முடியாது. பழைய புல்லட்டில் பழகியவர்களுக்குத் திகைப்பு நேரத்தில் வேறு கால் அசையும். அப்பா இளமையில் முதலாளி ஒருவரின் பழைய புல்லட்டை ஓட்டியவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். நடக்கும் வேகத்துக்கும் கீழே அது வேலை செய்வதில்லை.

இந்த இடத்தில் பேராசிரியரிடம் திரும்பப் போனேன். கணக்கைப் பார்த்தார். "சரி, பின் சக்கரத்தைக் கையால் எப்படிப் பிடிப்பாய்?" என்றார். அந்தக் கேள்விக்கு விடை நெடுநாள் கண்முன்னேயே இருந்தது. அது இடக்கையில் உள்ள கிளட்ச்.

வண்டியை அணைத்துவிட்டு முதல் கியரில் போடுங்கள். கிளட்சைப் பிடித்திருக்கும் வரை பின் சக்கரம் தன்போக்கில் சுழலும். கிளட்சை விட்டால் சக்கரம் இயந்திரத்தோடு பிணைந்துகொள்ளும். சக்கரம் உருள வேண்டுமானால் உருளைக்குள் அடைபட்ட காற்றை அமுக்கிக்கொண்டு இயந்திரத்தையே சுற்றவேண்டும். முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற இயந்திரம் பல முறை சுற்றவேண்டும் என்பதால் தடை மிகப் பெரிதாகிறது. புல்லட் ஒற்றை உருளை வண்டி. ஆகவே கிளட்சை விட்டதும் உடனே நின்றுவிடுவதில்லை. காற்று அமுங்கும் கட்டம் வரும்வரை ஒரு சாண் அளவு நகர்ந்து, பிறகு முட்டிக்கொண்டதுபோல நிற்கும். முதன்முறை அந்த ஒரு சாண் நகர்வில் என் உயிர் போய் வந்தது. தெரிந்துகொண்டால் அச்சமில்லை. இப்படிக் கிளட்சையே பின் பிரேக்காகக் கொண்டு, அரையடி இறக்கி விட்டு, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி அரையடி என்று இறக்கலாம். முன் பிரேக்கும் வலக்கையில் துணைக்கு இருக்கட்டும். எங்கள் சரிவில் நான் மேலே உட்கார்ந்து இறக்குவதில்லை. வண்டியின் இடப்பக்கம் நின்று, இடுப்பை இருக்கையோடு ஒட்டி, வண்டியை இம்மியளவு என் பக்கம் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து நடக்கிறேன். அவ்வாறு நடப்பவனுக்குச் சரிவின் அகலம் தெரிகிறது. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவதில்லை.

சாய்வைப் பற்றியும் ஒரு சொல். நேராக நிற்கும் புல்லட்டைச் சிறு குழந்தைகூட ஒரு விரலால் தாங்கும். பத்துப் பாகை சாய்ந்தால் கைப்பிடியில் 17, 18 கிலோ அளவு தாங்கவேண்டும். இருபது பாகையில் அது இரட்டிப்பாகும். முப்பதில் ஐம்பது கிலோவைத் தாண்டும். விழப்போகும் வண்டியைத் தடுக்கும் பலம் எவரிடமும் இல்லை என்பதே இதன் பொருள். விழத் தொடங்குமுன் தடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. எல்லை மீறிவிட்டால் விட்டுவிட்டு விலகுங்கள். கண்ணாடியும் இண்டிகேட்டரும் கடையில் கிடைக்கும்.

ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தெருவில் நேராக நின்று, முதல் கியரில், நிற்காமல் ஒரே போக்கில் ஏறவேண்டும். ஏறுமுன்பே எங்கே நிற்கப்போகிறோம் என்று முடிவு செய்திருக்கவேண்டும். பாதியில் நின்றவனுக்கு மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் வரும். உள்ளே நிறுத்தும்போது கியரில் விட்டு நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் இன்னொரு துணையும் சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அப்பா. கட்டிலில் கிடந்தபடி என் கிளட்ச் வித்தையைக் கேட்டவர், "தேர் இழுக்கிறப்போ எப்படி நிறுத்தறாங்க?" என்றார். தேர்ச் சக்கரத்துக்கு ஏது பிரேக்? ஆப்பு வடிவில் செதுக்கிய முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து நிறுத்துகிறார்கள். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்து அவ்வளவு பெரிய தேரைத் திருப்பவும் செய்கிறார்கள். கட்டை போடுகிறவனின் கண்ணிலும் கையிலும்தான் தேரின் உயிர் இருக்கிறது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுகிறவனைத் திட்டுகிறோம். தேரடியில் அவனைக் கேட்காமல் எவனும் வடத்தைத் தொடமாட்டான். தச்சரிடம் சொல்லி ஒரு வேப்பங்கட்டையைச் செதுக்கி, நீண்ட கைப்பிடியும் வைத்து வாங்கினோம். நான் வண்டியை இறக்கும்போது அம்மா பக்கவாட்டில் நின்று பின் சக்கரத்தின் பின்னால் அந்தக் கட்டையைத் தள்ளிக்கொண்டே வருவார்கள். வண்டியின் நேர் பின்னால் எவரும் நிற்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். இதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "எப்போ தேர் நெலைக்கு வரும்?" என்று கேட்காத நாள் இல்லை.

உலகில் இதற்கு வேறு தீர்வும் கண்டிருக்கிறார்கள். ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்தின் கோல்டு விங் என்ற நெடும்பயண வண்டி நம் புல்லட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. 1988இல் வந்த அதன் 1500 சி.சி. வடிவத்தில், வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே பயன்படுத்திப் பின்பக்கமாக மெல்ல நகரும் வசதியைச் செய்தார்கள். விலையைக் கேட்டால் எங்கள் தெருவையே விற்கவேண்டும். அதைவிட வேப்பங்கட்டை மேல்.

எனினும் கட்டையும் கிளட்சும் நோயைத் தாங்கும் வழிகளே. நோய் அந்தச் சரிவு. சரிவை நீட்டினால் இழுவை குறையும். ஆனால் தெருப்பக்கம் நீட்ட முடியாது. தெரு ஊருக்குச் சொந்தம். வீட்டுப்பக்கம் நீட்ட வேண்டுமானால் திண்ணையை வெட்டவேண்டும். அந்தத் திண்ணை பாட்டனார் கட்டியது. அவர் கடைசிக் காலத்தில் அதில் உட்கார்ந்துதான் நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவும் மாலையில் தறி நின்றதும் அங்கேதான் வந்து சாய்வார். அம்மாவின் கட்சி, வண்டியை விற்றுவிடலாம் என்பது. மாமாவே தொலைபேசியில், "வித்துடுங்க மாமா, உங்க காலவிடவா வண்டி பெரிசு?" என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. மச்சினன் ஆசையாக வாங்கிய வண்டியைத் தன் காலுக்காக விற்றார்கள் என்ற பேச்சு அவருக்குப் பொறுக்காது. திண்ணையை வெட்டு என்று சொல்லவும் மனம் வராது. இரண்டு வாரம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். சாக்கடைக் கல்லிலிருந்து சரிவைத் தொடங்கி, திண்ணையின் வலப்பாதியை வெட்டி உள்ளே கொண்டுபோனால் பன்னிரண்டு அடி கிடைக்கும். ஆறுக்கு ஒன்று. இழுவை 65 கிலோவிலிருந்து 32 கிலோவாகக் குறையும். முன் சக்கரத்தின் மேல் 80 கிலோவுக்கு மேல் சுமை இருக்கும். உலர்ந்த தரையில் முன் பிரேக் மட்டுமே தாங்கும். ஈரத்தில் அப்போதும் ஐயந்தான். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று இருக்கவேண்டும் என்பது பொதுக் கட்டடங்களுக்கான விதி. அதற்கு எங்கள் வீட்டில் இருபத்து நான்கு அடி வேண்டும், அதாவது தறிக்கூடம் வரை போகவேண்டும். அப்பா தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எடப்பாதி நிக்குமில்ல?" என்று கேட்டார். நிற்கும் என்றேன்.

கொத்தனார் வந்து மூன்று நாளில் வேலையை முடித்தார். வழவழப்பாகப் பூச வந்தவரைத் தடுத்து, ஈரச் சிமென்டில் துடைப்பத்தால் குறுக்குக் கோடுகள் இழுக்கச் சொன்னேன். "பாக்க நல்லா இருக்காது தம்பி" என்றார். டயருக்குப் பிடிப்பு வேண்டும் என்று சொன்னதும் அவரே இன்னும் ஆழமாக இழுத்தார். சரிவின் அகலத்தை ஐந்தடியாக்கினோம். இருபுறமும் நாலு விரற்கடை உயரத்துக்கு வரம்பு வைத்தோம். கோலம் இப்போது சரிவில் இல்லை. பக்கத்தில், மிஞ்சிய திண்ணையின் எதிரே போடுகிறார்கள்.

பொங்கலுக்கு மாமா விடுமுறையில் வந்தார். வந்த மறுநாள் காலையிலேயே வண்டியை எடுக்கப் புறப்பட்டார். பாதித் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து, கொஞ்சம் நொண்டியபடியே போய், மூலையில் சாத்தியிருந்த வேப்பங்கட்டையை எடுத்து வந்தார். பின் சக்கரத்தின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கட்டையைச் சரியாகப் பொருத்திக்கொண்டு, மேலே ஏறி உட்காரப் போன மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எறங்கு மாப்ளே. மொதல்ல கியர்ல போடு."